பாத ரசம்

அந்தப் பைய மிதிச்சிராத தாயி, அதுல எண்ண பாட்டில் இருக்கு. கொஞ்சம் இரு, மடியில தூக்கி வச்சுக்கிடுதேன். இன்னொரு பை சீட்டுக்கடியில கெடக்கட்டும், அதுல உப்பும் புளியுந்தான். சந்தைக்குப் போறேன்னு நெனச்சியா? கண்டக்டரும் அதத்தான் கேட்டான், ‘எம்மா, சந்தை நேத்தே முடிஞ்சிட்டே’ன்னு. சந்தைக்கு இல்ல தாயி, ஆஸ்பத்திரிக்கு. வீட்டுல பொழங்குத சாமான் எல்லாத்தையும் கொண்டாங்கன்னு டாக்டரு சொல்லிட்டாவ. அரிசி, பருப்பு, மொளகாப்பொடி, தேயில, ஒரு பாட்டில் குழாத்தண்ணி, சோப்பு, பல்பொடி, மஞ்சத்தூளுன்னு ஒண்ணு விடல. பொண்ணுக்குச் சீர் கொண்டுபோற மாதிரி கொண்டுபோறேன். எந்தலையெழுத்து, சீர் போற எடம் ஆஸ்பத்திரியாப் போச்சு.

எம் மவதான் அங்க கெடக்கா. ஆவுடைச்செல்வின்னு பேரு. மெட்ராஸ்ல ஒரு பெரிய ஜவுளிக்கடையில நின்னா. எந்தக் கடைன்னு கேக்காத, சொன்னா உனக்கும் தெரியும், அவ சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. எங்கூருல ‘கடையில வேல பாக்கா’ன்னு ஒருத்தரும் சொல்லமாட்டோம், ‘கடையில நிக்கா’ன்னுதான் சொல்லுவோம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. நிக்கதுதான் அங்க வேலையே. காலம்பற கதவத் தொறந்தா ராத்திரி சாத்துத வரைக்கும் நிக்கணும். இப்ப உக்கார வைக்கணும்னு சட்டம் வந்திருக்காம்லா, அதுக்காக ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கானுவ. ஸ்டூல் உக்காந்திருக்கும், பிள்ளையளு நிக்கும். அதுல குண்டிய வச்சா சூப்பர்வைசர் வந்து ‘என்னம்மா, ஒடம்புக்குச் சொகமில்லையா’ன்னு கேப்பானாம். நிக்க வச்சே எம் பிள்ளைய கொன்னுட்டானுவ தாயி. நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன், பயமில்ல.

மொதல்ல அவள மூணாவது மாடியிலதான் போட்டிருந்தானுவ. நைட்டி, உள்பாவாட விக்க எடம். கொஞ்சம் கறுத்த பிள்ளையளு எல்லாம் அங்கதான். கண்ணாடிக் கதவத் தொறந்ததும் முன்னால இருக்கது பட்டு செக்ஷன். அங்க நிக்கதுக்கு செவத்த பிள்ளையளாப் பாத்துப் பாத்து எடுப்பானுவ. ஏன்னா பட்டுச்சேலைய மேசையில விரிச்சுக் காட்டுனா மட்டும் போதாது பாத்துக்கோ. விக்கிற பிள்ள தந்தோள் மேல போட்டு, முந்தானைய விரிச்சு, கண்ணாடி முன்னால நின்னு காட்டணும். வாங்க வந்தவ இவ மேல பாத்துட்டுத்தான் தம் மேல வைப்பா.

ஒரு நா பட்டு செக்ஷன் பிள்ள ஒண்ணு லீவு போட்டிருக்கு. இவள கீழ எறக்கியிருக்கானுவ. ஒரு கல்யாணக் கூட்டம் வந்து அரக்குச் சேலைய எடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கு. இவ ஆசையா எடுத்துத் தோள்ல போட்டிருக்கா. அந்தக் கூட்டத்துல ஒரு பெரிய மனுசி, நல்லா நகை போட்டவளாம், சூப்பர்வைசரக் கூப்ட்டு, ‘வேற பொண்ண வரச் சொல்லுங்க, இது மேல போட்டா கலரே எடுக்கல’ன்னாளாம். இது. ‘இவ மேல’ன்னு சொல்லல தாயி, ‘இது மேல’ன்னு சொல்லியிருக்கா. அன்னைக்கு மத்தியானமே திரும்ப மேல ஏத்தி விட்டுட்டானுவ. போன்ல எங்கிட்ட சொல்லி அழுதா.

அந்தக் கறுப்பு நான் குடுத்ததுல்லா. அவ அப்பா செவப்புதான். எம் பேரக் கேட்டா சிரிப்ப. வெள்ளத்தாயி. பேருல மட்டுந்தான் வெள்ள, ஆளப் பாத்தா கருப்பட்டின்னு எங்க மாமியா வந்த நாள்லயே சொன்னா. நான் கேட்டுட்டுக் கம்முன்னு இருந்தேன், எங்காலம் அப்பிடி. எம் மவ எதுக்குக் கேக்கணும்? குடுத்தவதான மாத்திக் குடுக்கணும்?

அப்பந்தான் எங்க மைனி மவன் வெளிநாட்டுலருந்து வந்தான். அவன் பொண்டாட்டிக்கு ஒரு டப்பி கிரீம் கொண்டாந்திருந்தான். அவளும் என்னைய மாதிரிதான் இருந்தா, ரெண்டு மாசத்துல பாத்தா சீமக்காரி மாதிரி ஆயிட்டா. நான் விடுவனா? போய் அவ கையப் புடிச்சு ஒரு டப்பி வாங்கிட்டேன். டப்பியில ஒரு பொம்பள படம், சுத்தி ஏதோ எழுத்து, என்ன எழுத்துன்னு வாசிக்க ஆருக்கும் தெரியல. வாசிக்கத் தெரியாட்டா என்ன, வேல செய்யுதுல்லா. பெறவு டவுன்ல பாரின் சாமான் விக்கிறவன்கிட்டயே கெடைக்க ஆரம்பிச்சிட்டு.

ஆனா ஒண்ணு. வாங்குன ஒடனே மவளுக்கு அனுப்பிறல. நான் அப்பிடிப்பட்ட தாய் இல்ல. கண்டதத் தேச்சு பிள்ள மூஞ்சி புண்ணாகிப் போச்சுன்னா? மொதல்ல நாந்தான் பூசிப் பாத்தேன். எரியுதா, அரிக்குதா, கொப்புளம் போடுதான்னு பாத்தேன். ஒண்ணுங் கெடயாது. வாசம் கூட இல்ல. நான் சத்துணவுல ஆக்குதவ, அடுப்புப் புகையில நின்னு நின்னு கரிஞ்ச மூஞ்சி. அந்த மூஞ்சியே தெளிஞ்சிட்டு. பள்ளிக்கூடத்து டீச்சரு, ‘ஏ வெள்ளத்தாயி, இப்பத்தான் பேரும் ஆளும் ஒண்ணாயிருக்கு’ன்னாவ. அதுக்குப் பெறவுதான் அவளுக்கு டப்பிய அனுப்புனேன்.

அந்த சமயத்துலதான் எம் மூக்குத்திக்குச் சனியன் புடிச்சுது. நல்ல தங்கம், எங்கம்மா போட்டது. பைய பைய வெளுத்துப்போய் ஈயம் மாதிரி ஆயிட்டு. பாலீஸ் போடக் குடுத்தப்ப பத்தர் மாத்திட்டாருன்னு சண்டைக்கே போயிட்டேன். அந்த மனுசன் உத்துப் பாத்துட்டு, ‘ரசம் பட்டிருக்கும்மா’ங்காரு. ரசத்த நான் என்ன மூக்குலயா ஊத்திக்கிடுதேன்னு கேட்டேன். கடையில இருந்தவன் எல்லாம் சிரிச்சிட்டான். அவரு மூக்குத்திய எங்கையில திணிச்சிட்டு அடுத்த ஆளப் பாக்கத் திரும்பிட்டாரு. திருட்டு மாட்டிக்கிட்டா வாய் எங்கருந்து வரும்?

சரி, அத விடு. எம் மவ சேதிக்கு வாறேன். அவளுக்கு அந்தக் கிரீம் நல்லாப் புடிச்சிட்டு. மூணே மாசத்துல கழுத்து, கை எல்லாம் மஞ்சக் குளிச்ச மாதிரி ஆயிட்டு. அதே சூப்பர்வைசர் அவனாக் கூப்ட்டு, ‘நாளையிலருந்து கீழ நில்லும்மா’ன்னானாம். பட்டு செக்ஷன் தாயி. மயில்கழுத்துக் கலர்ல ஒரு பட்டு, அதத் தோள்ல போட்டு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புனா. இந்தா பாரு. இது எம் மவன்னா நம்புவியா? ‘இது’ன்னு சொன்னாளே அந்த மனுசி, அவ வந்து பாக்கணும்னு நெனச்சேன்.

தீவாளி ஏவாரம் முடிஞ்சு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தா. வாசல்ல வந்து நிக்கா, எனக்கு அடையாளம் தெரியல. கண்ணு ரெண்டும் வீங்கி, மூஞ்சி உப்பி. கால் செருப்புக்குள்ள நுழையல, கையில தூக்கிட்டு வாறா. வெரல வச்சு அழுத்துனா குழி விழுது, விழுந்த குழி எந்திரிக்கவே மாட்டேங்குது. ஒண்ணுக்குப் போனா சோப்புத்தண்ணி மாதிரி நொரையாப் போவுதுன்னா. தீவாளி பூரா நின்ன காலுல்லா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நின்னதாலதான்னு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். சின்ன வயசு டாக்டரு, நல்ல பையன், தங்கமான கொணம். என்ன சாப்பிடுதா, நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் ஏதும் எடுத்தாளான்னு கேட்டாவ. இல்லன்னேன். ‘முகத்துக்குக் கிரீம் ஏதாவது போடுறாங்களா?’ன்னு கேட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? பக்கத்துல நிக்க நர்ஸு எங்க பக்கத்து ஊருக்காரி. அவ காதுல ஒண்ணு விழுந்தா, நான் வீடு போய்ச் சேருததுக்கு முன்னால சேதி போய்ச் சேந்திரும். பட்டு செக்ஷன்ல நிக்க பொண்ணுன்னு ரெண்டு எடத்துல சம்மந்தம் கேட்டு விட்டிருக்காவ. பெறவிக் கலருன்னு சொல்லி வச்சிருக்கேன். மொகத்துல என்ன பூசுனா காலு வீங்குததுக்கு என்ன? ‘மஞ்சளும் பச்சப்பயறுந்தான் டாக்டர், எங்க வீட்டுல வேற ஒண்ணுங் கெடயாது’ன்னேன். மவ தொடையில லேசா ஒரு கிள்ளு. அவளும் வாயத் தொறக்கல. நான் வளத்த பிள்ளல்லா.

பெறவு ரத்தம் எடுத்து எங்கயோ அனுப்பி, முடிவு வந்தப்ப என்னைய மட்டும் தனியாக் கூப்ட்டாவ. ‘அம்மா, உங்க பொண்ணுக்குப் பாதரசம் ஏறியிருக்கு’ன்னாவ. நான் ஒடனே சொன்னேன், ‘தெரியும் டாக்டர், நானே கண்ணால பாத்தேன்’னு. அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. நம்மளப் படிக்காதவன்னு நெனச்சிருப்பாரு. பாதத்துல ரசம் எறங்கிக் கெடக்கது தெரியாதா எனக்கு? குழி விழுதத அழுத்தி அழுத்திப் பாத்தவ நாந்தான். அவரு கடைசியா, ‘எதுனால ஏறுதுன்னு பாத்து அத நிறுத்தணும்மா. நிறுத்திட்டா மெதுவா சரியாயிரும், பயப்படாதீங்க’ன்னாவ. அதான் நான் அப்பவே சொல்லிட்டேன்லா. நிக்கத நிறுத்தணும். அன்னைக்கே கடைக்குப் போன் போட்டு எம் மவ இனிம வரமாட்டான்னுட்டேன்.

அவகிட்ட இந்தப் பேரச் சொல்லல. பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சவ, நோய்க்குப் பேரு வச்சுச் சொன்னா போன்ல போட்டுப் பாப்பா, பாத்துட்டுப் பயந்து சாவா. ‘கால்ல நீரு கட்டியிருக்காம், தன்னால வத்திரும்’னு மட்டும் சொன்னேன். அவ எத்தன வாட்டிக் கேட்டா தெரியுமா, ‘டாக்டரு என்னம்மா சொன்னாரு, சரியாச் சொல்லு’ன்னு. நான் அசையல. பிள்ள மனசு நோகக்கூடாதுல்லா.

அதுக்குப் பெறவு அவளத் தரையில கால் வைக்க விட்டிருப்பனா? கட்டில்ல படுக்கப் போட்டு, காலுக்குத் தலகாணிய வச்சுத் தூக்கி விட்டேன். கல்லுப்பக் கரைச்சு வெந்நியில முக்கி எடுத்தேன். வீட்டுல ரசம் வைக்கதையே நிறுத்திட்டேன், எதுக்கு வம்புன்னு. அவ அப்பா ‘ரசம் இல்லாம எப்பிடிச் சோறு எறங்கும்’னு கத்துனாரு. ‘பிள்ளயவிட உமக்கு ரசம் பெருசாப் போச்சா’ன்னு நானும் கத்துனேன். படுத்தே கெடந்தவளுக்கு மூஞ்சி வாடிப் போச்சு. கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதா. ஒரு நேரம் பூசுன கிரீம ரெண்டு நேரம் பூசுனேன். வீங்குன காலும் தோலு இழுத்துக் கன்னுன மாதிரி இருந்துது, அதுலயும் தேச்சேன். ஒரு தாய் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செஞ்சேன் தாயி. ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ.

அவ்வளவு செஞ்சும் என்ன பிரயோசனம். சித்திரையில மூச்சு வாங்க ஆரம்பிச்சிட்டு. நாலு வார்த்த சேந்தாப்புல பேச முடியல. தூக்கிட்டு ஓடுனோம். கிட்னி ரெண்டும் போயிட்டுன்னாவ. இப்ப மிசினுல ரத்தத்த எடுத்து அலசி அலசித் திருப்பி விடுதாவ. துணிய அலசுத மாதிரி. அது முடிஞ்சு வரும்போது பிள்ள பிழிஞ்சு போட்ட மாதிரி வருவா. எத்தன நாளைக்கு இப்பிடின்னு கேட்டேன். வேற கிட்னி வச்சாத்தான்னாவ.

எங்கிட்டதான் ரெண்டு இருக்கே. அவ அப்பாவுக்குச் சக்கர, அவருது ஆவாதுன்னுட்டாவ. நான் குடுக்கேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். ஒண்ணு என்ன, ரெண்டையும் எடுத்துக்கிடுங்கன்னேன். எல்லா டெஸ்டும் எடுத்தாவ. போன வாரம் அந்த டாக்டரு என்னைய உக்கார வச்சு, ‘உங்களுக்கும் அதே பாதரசம் இருக்கும்மா. உங்க கிட்னியும் கசிய ஆரம்பிச்சிருக்கு. உங்கள்ட்ட எடுக்க முடியாது’ன்னாவ.

எனக்கு வந்த கோவம். அதே நோய் எனக்கும் இருக்குன்னா என்ன அர்த்தம்? ஒரே ரத்தம்னுதான அர்த்தம். பொருத்தம் பாக்கணும், பொருத்தம் பாக்கணும்னு அலைய விட்டாவளே, இதவிடப் பொருத்தம் எங்க கெடைக்கும்? இதச் சொன்னா அவரு தலையில கைய வச்சுக்கிட்டாரு. ‘அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரருக்கு இல்ல. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் இருக்கு. அது எப்பிடி?’ன்னு கேட்டாவ. யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்டுல அந்த மனுசன் மட்டுந்தான் உக்காந்து திங்குத ஆளு. நான் அடுப்புல நிக்கேன், அவ கடையில நின்னா. பொம்பளையளுக்குத்தான நிக்க விதி. டாக்டருக்குப் பொண்டாட்டி இருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

அப்பந்தான் சொன்னாவ, வீட்டுல பொழங்குதது எல்லாத்தையும் கொண்டாங்க, சோதிச்சுப் பாக்கணும்னு. எங்க தண்ணியச் சந்தேகப்படுதாரு போல. கெடக்கட்டும். ஒண்ணு விடாம கொண்டு போயிப் போட்டாத்தான் அவருக்கும் சமாதானமாவும், எங்கிட்ட எடுக்கவும் சம்மதிப்பாரு.

கிரீமா? அத எதுக்குக் கொண்டு போறேன்? அது வீட்டுச்சாமான் இல்லியே. வீட்டுல எல்லாரும் பொழங்குததத்தான கேட்டாவ. அது நானும் அவளும் மட்டும் பூசுதது. அவ அப்பா அதத் தொட்டதே கெடயாது. உங்கிட்ட இதெல்லாம் சொல்லுதேன்னா, நீ வேத்தூருக்காரி, இந்தப் பஸ்ஸ விட்டு எறங்குனா நீ யாரோ நான் யாரோ. மத்தபடி நான் மூச்சு விட்டது கெடயாது.

என்ன தாயி, மூஞ்சியவே பாக்க? என்னது? காச்சல் குச்சிக்குள்ளயா? அந்த வெள்ளியா மின்னிக்கிட்டு ஏறி எறங்குமே, அதா? அது காச்சல் பாக்கதுல்லா. எம் மவளுக்குக் காச்சலே வரல, ஒரு நாள் கூட மேலு சுடல. நீ படிச்ச பிள்ள, எதையோ நெனச்சுக்கிட்டு எதையோ சொல்லுத. இது பாதத்துல வாரது. இந்தா, எங்காலயே பாரு, காலம்பற செருப்பு மாட்ட முடியல. சத்துணவுல நின்ன காலு. இருக்கட்டும், இருக்கட்டும், கையப் புடிக்காத. எதுக்கு உனக்குக் கண்ணு கலங்குது? அழுதது போதும்னு நானே விட்டுட்டேன்.

இன்னைக்கு அவரு ஒத்துக்கிடுவாருன்னு என் மனசு சொல்லுது. அதுக்குத்தான் வெள்ளென எந்திரிச்சுக் குளிச்சு, மூஞ்சி, கழுத்து, கை எல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு தடவ தேச்சுட்டு வந்திருக்கேன். குடுக்குதவ மூஞ்சி தெளிவா இருந்தாத்தான ஆளு சொகமா இருக்கான்னு நம்புவாவ. நீயே சொல்லு, நோய்க்காரி மூஞ்சி மாதிரியா இருக்கு?

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்திட்டு. அந்தக் கீழ கெடக்க பைய மட்டும் எடுத்துக் குடு தாயி. விடு, முந்தானைய விடு, என்னன்னாலும் இன்னொரு நா கேக்கேன், அங்க அவ முழிச்சுப் பாத்துட்டு இருப்பா. கிட்னி கெட்டா மேலு கறுக்கும்னு நர்ஸு சொன்னா, அதே மாதிரி எம் பிள்ள கறுத்துக்கிட்டே வாறா. மூச்சு விட முடியல, அதுக்கு நடுவுலயும் ‘எம்மா, கறுத்துட்டனா, மூணாவது மாடிக்கே அனுப்பிருவானுவளா’ன்னு கேக்கா. கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மிசினுலருந்து கொண்டாந்து போட்டதும் திரைய இழுத்து விட்டுட்டு நல்லாத் தேச்சு விடுதேன். அவ கறுக்கக் கறுக்க, நானும் விடாம தேச்சுக்கிட்டேதான் இருக்கேன்.